பத்துக் கிலோவுக்குக் கீழே

ஆரம்பாக்கம் தாண்டி, ஆந்திர எல்லைக்கு இந்தப் பக்கம்
பழைய இரும்பு லாரிகள் ஏறி இறங்கும் எடைமேடையில் எனக்கு வேலை.
வந்த எடை, போன எடை, கழித்தால் சரக்கு.
நெல்லூர் டிராக்டரின் கலப்பைப் பல், ஓங்கோல் பள்ளிக்கூட ஜன்னல் கம்பி,
எல்லாம் கும்மிடிப்பூண்டி உலைக்குப் போகிற வழியில்
என் ரசீதில் வெறும் எண்.

இருபத்தொன்பதாம் வாரத்திலேயே பிறந்துவிட்டான்.
சூளூர்பேட்டை ஆஸ்பத்திரி, கண்ணாடிப் பெட்டி.
அட்டையில் பெயர் இல்லை: முனிலட்சுமி பையன்,
ஆயிரத்து நூற்று எண்பது கிராம்.

மூன்றாம் நாள், மூடாத உச்சிக்குழியில் பசை தடவி
கருவியை வைத்துப் பார்த்தார் டாக்டர் ஹைமவதி.
திரையில் சாம்பல். சாம்பலுக்குள் ஒரு வெள்ளைத் திட்டு.
ரத்தம் கசிந்திருக்கு, என்றார்.
அவர் தமிழ் பாதியில் தெலுங்காகிவிடும்.
இரும்பை இனுமு என்றார்.
எனக்கு இருபது டன் கண்ணில் வந்தது.

சிந்திய ரத்தம் உடைந்தால் இரும்பு வெளியே வரும்.
கட்டில்லாத இரும்பு பக்கத்தில் இருப்பதைச் சுடும்.
அதை எடுக்க உள்ளேயே ஆள் இருக்கு, மைக்ரோக்ளியா.
ரசீதின் பின்பக்கம் எழுதிக் கேட்டேன்.

மூளையில் பிறந்தவை இல்லையாம் அவை.
கரு ஒரு பயறளவு இருக்கையில்
வெளியே மஞ்சள்கருப் பையில் முளைத்து
ஊர்ந்து வந்து தங்கியவை.
எந்தச் சாவடியும் மறிக்கவில்லை.

கிளை நீட்டித் துழாவும்.
சிந்தியதைத் தொட்டால் கிளை மடக்கி, உருண்டு, விழுங்கும்.
உள்ளே ஃபெரிட்டின் என்று குடைந்த பந்துகள்,
ஒன்றில் நாலாயிரம் இரும்பணு அடங்கும்.
அப்புறம் எங்கே போகும், என்றேன்.
சரக்கைப் பற்றி அப்படிக் கேட்டே பழக்கம்.
நரம்பிழைக்குக் கொழுப்புறை சுற்றுகிற செல்களுக்குக் கொடுக்கும்.
இரும்பில்லாமல் அவற்றுக்குக் கை ஓடாது.

அளவுக்கு மேல் விழுங்கினால்?
அவர் கையுறையைக் கழற்றினார்.
விழுங்கியது செத்து, பிடித்ததையெல்லாம் மறுபடி கொட்டும்.
அதுவும் நடக்கும்.

நாலு மாசம் தின்ற இரும்பு மாத்திரை ஞாபகம் வந்தது.
கறுப்பாய்ப் போகும் என்று நர்ஸ் சொன்னாள், போயிற்று.
குமட்டிய நாட்களில் பதினொன்றை
எடைமேடைக் குழிக்குள் போட்டிருந்தேன்.
பரந்தாமனிடம்கூடச் சொல்லாததை டாக்டரிடம் சொன்னேன்.
அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றார்.
நம்பினேன், பகலில்.

உலையில் இரவு ஷிப்ட் முடித்துப் பரந்தாமன் வருவான்.
முழங்கை வரை மூன்று தடவை கழுவச் சொல்வார்கள்.
நகக்கண்ணில் துரு போகாது.
கண்ணாடிக்கு இந்தப் பக்கமே நிற்பான்.

ஒன்பது வாரம். வெள்ளைத் திட்டு சுருங்கிச் சுருங்கி
கடுகளவு கறுப்பாயிற்று.
சுத்தமாகிவிட்டதா, இல்லை இடமே காலியாகிவிட்டதா?
உட்காரட்டும், நடக்கட்டும், பார்ப்போம், என்றார்.

வீட்டுக்குத் திரும்பும்போது ஆட்டோவை மேடையோரம் நிறுத்தச் சொன்னேன்.
அவனோடு ஏறி நின்றேன்.
என் நாற்காலியிலிருந்து கோட்டீஸ்வரி படித்தாள்: ஐம்பது.
அவனைப் பரந்தாமன் கையில் கொடுத்துவிட்டு மறுபடி நின்றேன்.
ஐம்பது.
பத்துக் கிலோவுக்குக் கீழே இந்த மேடைக்கு எதுவும் தெரியாது.

பின்னால் ஓங்கோல் லாரி ஹாரன் அடித்தது.
ரசீது போடட்டுமாக்கா, என்றாள்.
போடு.
வந்தது ஐம்பது, போனது ஐம்பது, சரக்கு சுழி.
வண்டி எண் என்னன்னு போட?